கரைக்கும் நீர், படிய வைக்கும் நீர்

25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 360 கிராம் சோடியம் குளோரைடு, அதாவது சமையலுப்பு, கரைகிறது. அதே வெப்பநிலையில் அதே அளவு நீர் பேரியம் சல்பேட்டை இரண்டரை மில்லிகிராம் அளவுக்குக்கூட ஏற்பதில்லை. இரண்டும் உப்புகளே, இரண்டிலும் நேர்மின்சுமை கொண்ட அயனிகளும் எதிர்மின்சுமை கொண்ட அயனிகளும் ஒன்றையொன்று ஈர்த்தபடி ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகமாக நிற்கின்றன. ஒரு லட்சம் மடங்கைத் தாண்டும் இந்த வேறுபாட்டுக்கு, நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்து பிணைத்துக்கொள்ளும் நீரேற்றம் என்ற நிகழ்வைக் கொண்டே வேதியியல் விடை தருகிறது. ஆயினும் நீர் எவ்வளவு இறுகப் பற்றுகிறதோ அவ்வளவு நன்றாக உப்பு கரையும் என்று பள்ளிப் பாடங்களில் வழங்கும் விளக்கம் உண்மையின் ஒரு பாதி மட்டுமே. உப்பைக் கரைசலுக்குள் இழுக்கும் அதே பற்று, வேறு சூழலில் உப்பைக் கரைசலிலிருந்து வெளியேற்றிப் படிய வைக்கவும் செய்கிறது என்பது மறுபாதி.

நீர் மூலக்கூறில் ஆக்ஸிஜன் இருக்கும் பக்கம் சிறிதளவு எதிர்மின் தன்மையும், இரு ஹைட்ரஜன்கள் இருக்கும் பக்கம் சிறிதளவு நேர்மின் தன்மையும் கொண்டிருப்பதால், கரைசலில் உள்ள சோடியம் போன்ற நேர்மின் அயனியை நோக்கி அது ஆக்ஸிஜன் முனையையும், குளோரைடு போன்ற எதிர்மின் அயனியை நோக்கி ஹைட்ரஜன் முனையையும் திருப்பி நிற்கிறது. சோடியம் அயனியை ஒட்டி இவ்வாறு ஐந்து அல்லது ஆறு மூலக்கூறுகள் முதல் அடுக்காக அமைகின்றன. மின்சுமை மிகுந்த அயனிகளில் அதற்கு வெளியே இரண்டாம் அடுக்கு ஒன்றும் தெளிவாக உருவாகிறது. நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 78 என்பதால், அயனிகளுக்கிடையிலான ஈர்ப்பு விசை நீருக்குள் 78இல் ஒரு பங்காகக் குறைகிறது என்றும், அதனால்தான் உப்புகள் கரைகின்றன என்றும் சில நூல்கள் முடித்துக்கொள்கின்றன. ஆனால் அந்த மாறிலி பெருமளவு நீரின் பண்பு; இரு அயனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் தொலைவில் அவற்றுக்கு நடுவே ஒரு நீர் மூலக்கூறு நுழையக்கூட இடமில்லாதபோது அந்த எண்ணுக்குப் பெரிய பொருளில்லை. அங்கே செயல்படுவது, தனித்தனி நீர் மூலக்கூறுகள் ஓர் அயனியோடு கொள்ளும் நேரடிப் பிணைப்பே.

அந்தப் பிணைப்பின் வலிமையை ஆற்றல் கணக்கில் காணலாம். ஒரு மோல் சோடியம் குளோரைடு படிகத்தை, அதாவது 58.4 கிராமை, வெற்றிடத்தில் தனித்தனி அயனிகளாகப் பிரித்தெடுக்கப் படிகக்கூடு ஆற்றல் எனப்படும் ஏறத்தாழ 787 கிலோஜூல் செலவாகிறது. அவ்வாறு பிரிந்த அயனிகளை நீர் சூழ்ந்துகொள்ளும்போது நீரேற்ற ஆற்றலாக ஏறத்தாழ 783 கிலோஜூல் திரும்பக் கிடைக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று நேர்செய்துவிட, எஞ்சுவது வெறும் 4 கிலோஜூல். உப்பு கரையும்போது நீர் உணர முடியாத அளவுக்கே குளிர்வதும், சூடான நீரிலும் குளிர்ந்த நீரிலும் சமையலுப்பு ஏறக்குறைய ஒரே அளவில் கரைவதும் இந்தச் சிறு எச்சத்தின் விளைவுகளே. இரு பேரெண்களுக்கிடையிலான சிறு வேறுபாடே கரைதிறனைத் தீர்மானிக்கிறது என்பதால், எந்த ஓர் எண்ணையும் மட்டும் தனியே பார்த்து ஓர் உப்பு கரையுமா கரையாதா என்று சொல்லிவிட முடியாது. இந்தத் துறையில் எழும் பெரும்பாலான குழப்பங்கள் இதை மறப்பதால் வருபவை.

நீர் வெறும் ஊடகமா அல்லது பங்கேற்பாளரா என்பதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும் விவாதமாக இருந்தது. உப்புகள் நீரில் அயனிகளாகப் பிரிகின்றன என்று சுவீடனின் ஸ்வான்டே அர்ரீனியஸ் 1887இல் தம் கோட்பாட்டை வெளியிட்டபோது, கரைசல் என்பது கரைபொருளும் நீரும் குறிப்பிட்ட விகிதங்களில் சேர்ந்து உண்டாகும் நீரேறிய சேர்மங்களின் கலவை என்று ரஷ்யாவின் திமீத்ரி மெண்டெலீவ் வலியுறுத்திவந்தார். அர்ரீனியஸின் அயனிகளுக்கு நீரோடு பிணைப்பு இல்லை. மெண்டெலீவின் நீரேற்றத்தில் அயனிகள் இல்லை. இருவரும் தனித்தனியே பார்த்ததை இணைத்து, பிரிந்த அயனிகளே நீரோடு பிணைகின்றன என்று 1891 வாக்கில் முன்வைத்தவர் மாஸ்கோவின் இவான் கப்லுகோவ். அயனியின் மின்சுமை கூடக்கூட அதன் இருமடியாகவும், ஆரம் குறையக்குறைய அதற்கேற்பவும் நீரேற்ற ஆற்றல் உயரும் என்ற எளிய சமன்பாட்டை மாக்ஸ் போர்ன் 1920இல் தந்தார். அளந்தறிந்த மதிப்புகள் அந்தப் போக்கையே காட்டுகின்றன: ஒரு மோலுக்குப் பொட்டாசியம் அயனி ஏறத்தாழ 322 கிலோஜூலும், அதைவிடச் சிறிய சோடியம் 406 கிலோஜூலும், மேலும் சிறிய லித்தியம் 520 கிலோஜூலும் வெளிவிடுகின்றன, இருமடங்கு மின்சுமையும் சிறு ஆரமும் கொண்ட மக்னீசியத்தில் இது 1,920 கிலோஜூலாகவும், மும்மடங்கு மின்சுமை கொண்ட அலுமினியத்தில் 4,600 கிலோஜூலுக்கு மேலாகவும் தாவுகிறது.

அப்படியானால் அலுமினியச் சேர்மங்கள் எல்லாம் நீரில் வழிந்தோடிக் கரைய வேண்டும் அல்லவா? அலுமினியம் ஆக்ஸைடின் படிகமான குருந்தக்கல் பல கோடி ஆண்டுகளாக மழையில் நனைந்தும் கரையாமல் கிடக்கிறது. காரணம் தெளிவானது. நீரை வலுவாக ஈர்க்கும் சிறிய, மின்சுமை மிகுந்த அயனி, படிகத்தில் தன் எதிர்த் துணையையும் அதே வலிமையோடு ஈர்க்கிறது. நீரேற்ற ஆற்றல் உயரும்போது படிகக்கூடு ஆற்றலும் உடன் உயர்கிறது. எனவே இரண்டில் எது வேகமாக உயர்கிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு மக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் ஆகிய நான்கு உலோகங்களின் குடும்பம் அழகான விடை தருகிறது. சல்பேட் உப்புகளில் மக்னீசியம் சல்பேட் ஒரு லிட்டர் நீரில் 300 கிராமுக்கு மேல் கரைய, கால்சியம் சல்பேட் இரண்டு கிராம் அளவிலும், ஸ்ட்ரான்சியம் சல்பேட் அதனினும் மிகக் குறைவாகவும் கரைந்து, பேரியம் சல்பேட்டில் கரைதிறன் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. ஹைட்ராக்ஸைடுகளில் இதே வரிசை தலைகீழாகிறது: மக்னீசியம் ஹைட்ராக்ஸைடு லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவிலேயே கரைய, பேரியம் ஹைட்ராக்ஸைடு பல பத்து கிராம் கரைகிறது. சல்பேட் பெரிய அயனி. படிகத்தில் அயனி மையங்களுக்கிடையிலான தொலைவைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிப்பதால், அதன் அருகே அமர்வது சிறிய மக்னீசியமா பெரிய பேரியமா என்பதால் படிகக்கூடு ஆற்றல் அதிகம் மாறுவதில்லை. நீரேற்ற ஆற்றலோ மக்னீசியத்தின் 1,920 கிலோஜூலிலிருந்து பேரியத்தின் 1,300 கிலோஜூல் வரை சரிகிறது. ஆகவே குடும்பத்தில் கீழிறங்க இறங்கக் கரைதிறன் குறைகிறது. ஹைட்ராக்ஸைடு அயனி சிறியதாகையால், சிறிய மக்னீசியம் அதனோடு மிக நெருங்கிப் பொருந்தி இறுகிய படிகமாகிறது; பேரியத்துக்கு அந்த நெருக்கம் வாய்ப்பதில்லை. பேரியம் அயனி உடலுக்கு நஞ்சு. ஆனாலும் இரைப்பை, குடல் ஆகியவற்றின் எக்ஸ்-கதிர்ப் படங்களுக்காகப் பேரியம் சல்பேட்டுக் குழம்பை நோயாளிகள் அச்சமின்றிக் குடிக்க முடிகிறது என்றால், பேரியத்தைப் படிகத்திலிருந்து பிரித்தெடுக்க நீரேற்றத்தால் இயலாமல் போவதே அதற்குக் காரணம்.

இதையே பொதுமைப்படுத்தினால், அளவில் ஒத்த அயனிகள் சேர்ந்த உப்பு குறைவாகவும், அளவில் பொருந்தாத அயனிகள் சேர்ந்த உப்பு மிகுதியாகவும் கரையும் என்ற விதி கிடைக்கிறது. லித்தியமும் புளோரைடும் இரண்டுமே சிறியவை; லித்தியம் புளோரைடு ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை கிராமைக்கூட எட்டுவதில்லை. சிறிய லித்தியம் பெரிய அயோடைடோடு சேர்ந்தால் கரைதிறன் ஒன்றரை கிலோகிராமைத் தாண்டுகிறது. பெரிய சீசியம் சிறிய புளோரைடோடு சேர்ந்தால் மூன்று கிலோகிராமைத் தாண்டுகிறது. சீசியமும் அயோடைடும் ஆகிய இரு பெரியவை சேரும்போது மீண்டும் ஒரு கிலோகிராமுக்குக் கீழே இறங்குகிறது. நீரோடு கொள்ளும் பற்றில் ஒத்த வலிமையுடைய அயனிகளே கரைசலில் தமக்குள் இணைய விரும்புகின்றன என்று கிம் காலின்ஸ் 1997இல் உயிர்வேதியியலையும் உள்ளடக்கி இதை விரிவுபடுத்தினார்.

ஆற்றல் மட்டுமே முடிவுசெய்வதும் இல்லை. அம்மோனியம் நைட்ரேட் கரையும்போது ஒரு மோலுக்கு ஏறத்தாழ 26 கிலோஜூல் வெப்பத்தை நீரிலிருந்து உறிஞ்சுகிறது. காயங்களுக்கு ஒத்தடம் கொடுக்கப் பயன்படும் உடனடிக் குளிர் பைகள் இதனால்தான் குளிர்கின்றன. ஆற்றல் கணக்கில் இது நட்டமே எனினும், 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் 1.9 கிலோகிராம் அளவுக்கு அந்த உப்பு கரைகிறது. நீரற்ற கால்சியம் சல்பேட்டோ வெப்பத்தை வெளிவிட்டுக் கரையும் உப்பாக இருந்தும் லிட்டருக்கு இரண்டு மூன்று கிராமோடு நின்றுவிடுகிறது. இங்கே என்ட்ரோபி, அதாவது துகள்கள் பரவி அமையக்கூடிய வழிகளின் பெருக்கத்தைக் குறிக்கும் அளவு, கணக்குக்குள் வருகிறது. படிகம் சிதறி அயனிகள் விடுதலையடையும்போது என்ட்ரோபி உயர்கிறது. ஆனால் இருமடங்கு மின்சுமை கொண்ட கால்சியமும் சல்பேட்டும் தம்மைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வரிசைப்படுத்திவிடுவதால், அயனிகள் பெற்ற விடுதலையைவிட நீர் இழந்த விடுதலை பெரிதாகிறது. வலுவான நீரேற்றம் கரைதிறனுக்கு நேரடியாக எதிராகச் செயல்படும் இடம் இது. மின்சுமை ஒன்று மட்டுமே கொண்ட, பெரிய அயனிகளான அம்மோனியமும் நைட்ரேட்டும் நீரை அவ்வளவாகக் கட்டிப்போடுவதில்லை.

நீரேற்றத்தின் மறுபாதி இன்னும் தெளிவாகத் தெரிவது படிகத்துக்குள் நீர் குடிபுகும்போது. பல உப்புகள் கரைசலிலிருந்து படியும்போது தம் நீர்மூலக்கூறுகளில் சிலவற்றை உதறாமல் உடன்கொண்டே படிகமாகின்றன. அந்த நீர் படிக நீர் எனப்படுகிறது. மயில்துத்தம் என்று வழங்கும் நீலநிறத் தாமிரச் சல்பேட்டில் ஐந்து நீர் மூலக்கூறுகள் உள்ளன. அவற்றில் நான்கு தாமிர அயனியைப் பற்றி நிற்க, ஐந்தாவது ஹைட்ரஜன் பிணைப்புகளால் சல்பேட்டோடு பிணைந்திருக்கிறது. சூடாக்கி அந்த நீரை விரட்டினால் படிகம் வெண்பொடியாகிறது. வெண்பொடியை நீரிலிட்டால் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 66 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. நீலப் படிகத்தை நீரிலிட்டால் ஏறத்தாழ 11 கிலோஜூல் உறிஞ்சப்படுகிறது. இரண்டும் இறுதியில் தருவது ஒரே நீலக் கரைசலைத்தான். நீரேற்றத்தால் கிடைக்க வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை நீலப் படிகம் முன்பே பெற்றுச் செலவழித்துவிட்டது என்பதே இந்த வேறுபாட்டின் பொருள்.

இதனால் மாணவர்களைத் தொடர்ந்து குழப்பும் ஒரு புதிரும் விடுபடுகிறது. வெப்பத்தை வெளிவிட்டுக் கரையும் உப்பு, சூடான நீரில் குறைவாகக் கரைய வேண்டும் என்பது லெ சாட்லியே கொள்கை. ஆனால் கை சுடும் அளவுக்கு வெப்பத்தை வெளிவிடும் நீரற்ற கால்சியம் குளோரைடின் கரைதிறன் வெப்பநிலையோடு உயர்கிறது. கொள்கையில் பிழையில்லை. தெவிட்டிய கரைசலோடு, அதாவது இனி ஏற்க இயலாத அளவு உப்பைக் கொண்ட கரைசலோடு, சமநிலையில் நிற்கும் திண்மம் எது என்பதையே கேட்க வேண்டும். அறை வெப்பநிலையில் அது நீரற்ற உப்பு அல்ல, ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட படிகம், அது வெப்பத்தை உறிஞ்சியே கரைகிறது. ஓர் உப்பின் கரைதிறன் என்று தனியாக ஓர் எண் கிடையாது. எந்த நீரேறிய வடிவத்தின் கரைதிறன் என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருளுண்டு.

சோடியம் சல்பேட் இதற்குச் செவ்வியல் எடுத்துக்காட்டு. ஜெர்மானிய வேதியியலாளர் யோகான் ருடோல்ஃப் கிளாபர் 17ஆம் நூற்றாண்டில் வியப்பூட்டும் உப்பு என்று பெயரிட்டுப் போற்றிய பத்து நீர் மூலக்கூறுகள் கொண்ட அதன் படிகம், இன்றும் கிளாபர் உப்பு என்றே அறியப்படுகிறது. 100 கிராம் நீரில் கரையும் சோடியம் சல்பேட் 0 டிகிரியில் ஏறத்தாழ 5 கிராம், 20 டிகிரியில் 19 கிராம், 32.4 டிகிரியில் 50 கிராம் எனச் செங்குத்தாக ஏறி, அந்தப் புள்ளியில் வரைகோடு திடீரென முறிந்து, பின்னர் மெல்லச் சரிந்து 100 டிகிரியில் 42 கிராமில் முடிகிறது. முறிவுப் புள்ளிக்குக் கீழே கரைசலோடு சமநிலையில் இருப்பது பத்து நீர் கொண்ட படிகம். அதற்கு மேலே அந்தப் படிகம் நிலைக்காமல் நீரற்ற உப்பாகிவிடுகிறது. ஒரே வரைகோடாகத் தோன்றுவது உண்மையில் இரு வேறு திண்மங்களின் இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம். அந்த மாற்ற வெப்பநிலையான 32.38 டிகிரி மிகத் துல்லியமாகத் திரும்பத் திரும்பக் கிடைப்பதால், வெப்பமானிகளைச் சரிபார்க்கும் நிலைப்புள்ளியாகவே அமெரிக்க வேதியியலாளர் தியோடர் ரிச்சர்ட்ஸ் அதைப் பயன்படுத்தினார்.

இதில் மிக முக்கியமானது, ஒரு வெப்பநிலையில் நிலையான வடிவம் எதுவோ அதுவே மிகக் குறைவாகக் கரையும் வடிவமும் ஆகும் என்பது. 20 டிகிரியில் நீரற்ற சோடியம் சல்பேட்டை நீரிலிட்டால் அது தன் கரைதிறன்படி 19 கிராமைத் தாண்டியும் கரையத் தொடங்கும். ஆனால் பத்து நீர் கொண்ட படிகத்தைப் பொறுத்தவரை அந்தக் கரைசல் மீதெவிட்டிய கரைசல். எனவே ஒருபுறம் நீரற்ற உப்பு கரைய, மறுபுறம் நீரேறிய படிகம் வளரும். கற்கட்டடங்களுக்கு இது பெருங்கேடு. கல்லின் நுண்துளைகளில் காய்ந்து கிடக்கும் நீரற்ற சோடியம் சல்பேட், மழையிலோ ஈரத்திலோ நனையும்போது இவ்வாறு கரைந்து, நான்கு மடங்குக்கு மேல் பருமன் கொண்ட நீரேறிய படிகமாக அங்கேயே மீண்டும் படிந்து, துளைச் சுவர்களை உள்ளிருந்து அழுத்திச் சிதைக்கிறது. கட்டடக் கற்களின் உறுதியைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்கள், கல்லை இந்த உப்பின் கரைசலில் ஊறவைத்தும் உலர்த்தியும் மீண்டும் மீண்டும் சோதிப்பதற்கு அடிப்படை இதுவே.

கேடு செய்யும் அதே இயக்கம் கட்டுமானத்துக்கும் உதவுகிறது. ஜிப்சம் என்பது இரண்டு நீர் மூலக்கூறுகள் கொண்ட கால்சியம் சல்பேட். அதை அளவாகச் சுட்டு நீரின் முக்கால் பங்கை அகற்றினால் பாரிஸ் சாந்து கிடைக்கிறது. சாந்து இறுகுவது இழந்த படிக நீரை அது திரும்பப் பெறுவதால்தான் என்று லவாய்சியே 1765இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு அளித்த தம் முதல் ஆய்வுரையில் காட்டினார். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை 1887இல் விளக்கியவர் ஆன்றி லெ சாட்லியே: சுட்ட சாந்தின் கரைதிறன் ஜிப்சத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்டது, ஆகவே அது நீரில் கரைந்த உடனே கரைசல் ஜிப்சத்துக்கு மீதெவிட்டியதாகி, ஊசி போன்ற ஜிப்சப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னியபடி வளர்கின்றன. எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டு சில நிமிடங்களில் கெட்டிப்படுவது இரு நீரேற்ற வடிவங்களின் கரைதிறன் வேறுபாட்டால்தான்.

நீரேற்றம் எவ்வளவு கரையும் என்பதோடு எவ்வளவு விரைவில் படியும் என்பதையும் கட்டுப்படுத்துகிறது. அயனியை ஒட்டிய நீர் மூலக்கூறுகள் நிலையாக அங்கேயே இருப்பதில்லை. வெளியிலுள்ள மூலக்கூறுகளோடு இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. சோடியத்தைச் சூழ்ந்த மூலக்கூறு ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே தங்க, மக்னீசியத்தில் அது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீள்கிறது. மும்மடங்கு மின்சுமை கொண்ட குரோமியத்தில் நாள்கணக்காகிறது. ஆக்ஸிஜன்-18 ஐசோடோப்பைக் கொண்டு குரோமியத்தின் இந்த மெதுவான பரிமாற்றத்தை அளந்தவர்களுள் ஒருவரான ஹென்றி டாபே பின்னர் 1983இல் நோபல் பரிசு பெற்றார். படிகமாக வேண்டுமானால் அயனி தன் நீர் உறையைக் களைந்தாக வேண்டும். மக்னீசியம் அதை எளிதில் களைவதில்லை. கால்சியமும் மக்னீசியமும் கலந்த கார்பனேட்டான டோலமைட்டுக்குக் கடல்நீர் மீதெவிட்டிய நிலையில் இருந்தும் அது கடலில் அவ்வளவாகப் படியாமல் இருப்பதற்கு, மக்னீசியத்தின் இந்தப் பிடிவாதமான நீரேற்றமே முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

கரைசல் செறிவடையச் செறிவடைய நீரே பற்றாக்குறையாகிறது. தெவிட்டிய சமையலுப்புக் கரைசலில் ஒரு சோடியம்–குளோரைடு இணைக்கு ஏறத்தாழ ஒன்பது நீர் மூலக்கூறுகளே உள்ளன. இரு அயனிகளுக்கும் முழுமையான முதல் அடுக்கு அமைக்கக்கூட அது போதாது என்பதால், மூலக்கூறுகள் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. பல உப்புகள் ஒரே நீருக்குப் போட்டியிடும் கடல்நீரில் இதன் விளைவு வரிசையாக வெளிப்படுகிறது. மத்தியதரைக் கடல்நீரை ஆவியாக்கி எந்த உப்பு எப்போது படிகிறது என்று 1849இல் பிரான்சில் உசிலியோ அளந்தபோது, கார்பனேட்டுக்குப் பின், பருமன் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் வேளையில் ஜிப்சமும், பத்தில் ஒரு பங்காகக் குறையும் வேளையில் சமையலுப்பும், எல்லாவற்றுக்கும் கடைசியில் மக்னீசிய உப்புகளும் படிந்தன. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் நீர் பாத்தி பாத்தியாக மாற்றப்படுவது இந்த வரிசையை ஒட்டியே. ஜிப்சம் முன்பாத்திகளில் தங்கிவிட, உப்புப் பாத்தியில் சமையலுப்பு விளைய, மக்னீசியம் நிறைந்த கசப்பு நீர் கடைசியில் வடிக்கப்படுகிறது.

அந்தக் கசப்பு நீரை உரிய நேரத்தில் வடிக்காவிட்டால் மக்னீசியம் குளோரைடு உப்புமணிகளின்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். தூய சமையலுப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துக் கசியும். ஆறு நீர் மூலக்கூறுகளைப் படிகத்தில் கொண்ட பின்பும் நீர்வேட்கை அடங்காத மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். கடலோர ஊர்களில் கோடையில்கூட ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், மக்னீசியம் நீக்கப்படாத கல்லுப்பு மழைக்காலம் வரும் முன்பே ஜாடியில் நீர்விட்டு நிற்கிறது. விளைந்த உப்பைத் தெவிட்டிய உப்புநீரில் கழுவுவது அந்தப் படலத்தை அகற்றத்தான். தெவிட்டிய நீர் சமையலுப்பை மேலும் கரைப்பதில்லை, மக்னீசியத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறது.